பாடியவர் ஐவர், பெயர் எவருக்கு?



மேல்நாட்டுப் பழைய பாடல்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதத் தொடங்கியதில் இருந்து எம்மிடம் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. எமது பிள்ளைகளுக்கு எமது பாட்டுக்களைச் சொல்லிக் கொடுக்கவே நேரம் இல்லை, இதற்குள் அவர்களுடைய பாட்டு எதற்கு என்பதே அந்தக் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் எம்மவர்களில் எத்தனை பேர் இன்று முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, தேநீர் கொடுத்து, நாள் முழுதும் அந்த வயோதிபர்களோடுதான் எமது பெண்களின் பொழுது போகிறது. பாஷை தட்டுப்படும் இடத்தில் கதை நின்றுவிடும். அந்த நேரத்தில் அவர்களுடைய இளமைக் காலத்துப் பாட்டு ஒன்றின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பேர் ஊர் மறந்தவர்கள் கூட பாட்டை மறப்பதில்லை.

இன்று எண்பது வயதைத் தாண்டியவர்கள் 1955, 56ஆம் ஆண்டுகளில் பாடசாலைப் பிள்ளைகள். அவர்கள் அன்று றேடியோவில் கேட்டு, நடன மண்டபங்களில் மெதுவாக ஆடிய பாட்டுக்களில் பெரும் பங்கு ஒரே குழுவுடையது. அந்தக் குழுவின் பெயர் பிளாற்றர்ஸ். ஐம்பதுகளில் றேடியோ சிலோனின் ஆங்கில ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த பெரியவர் யாரும் உங்கள் வீட்டிலேயே இருந்தால் அவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

பிளாற்றர்ஸ் குழு அமெரிக்காவின் மேற்குக் கரையில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், 1953 அளவில் உருவாகியது. அந்நகரின் குழு என்றாலும் அதன் ஐந்து பேரில் நால்வர் வெளியூரில் இருந்து வந்தவர்கள். குழுவைத் தொடங்கிய ஹேர்ப் றீட் மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் சிற்றியில் 1928இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, பதினைந்து வயதில் தனியே லொஸ் ஏஞ்சலிஸுக்கு வந்து, கார் கழுவும் இடமொன்றில் வேலை செய்தவர். டேவிட் லிஞ்ச் சென் லூயிஸ்காரர். போல் றொபி நியூ ஓர்லியன்ஸ்காரர். முன்னணிப் பாடகரான ரோனி வில்லியம்ஸ் நாட்டின் மறு கரையில், நியூ ஜேர்சியில் இருந்து வந்தவர். சோலா ரெயிலர் என்ற பெண் மட்டுமே உள்ளூர். அப்போது அவருக்குப் பதினாறு, பதினேழு வயதுதான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானத் தொழிற்சாலைகளிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் வேலை கிடைத்தபடியால், தென் மாநிலங்களின் கறுப்பினக் குடும்பங்கள் பல்லாயிரக் கணக்கில் கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்தன. வந்த இடத்தில் தேவாலயம், பாட்டு, பக்கத்து வீட்டுச் சிநேகிதம் என்று ஒரு வாழ்க்கையை அமைத்துக் கொண்டார்கள். தெருமுனையில் நான்கைந்து பேர் சேர்ந்து வாத்தியம் இல்லாமல் குரலாலேயே பாடும் வழக்கம் அங்கே பிரபலம். வாத்தியம் வாங்கக் காசு வேண்டும், குரலுக்குக் காசு வேண்டாம் அல்லவா?

குழுவுக்குப் பெயர் வைத்தவரும் ஹேர்ப் றீட்தான். பிளாற்றர் என்றால் உணவு பரிமாறும் பெரிய தட்டு, எங்கள் தாம்பாளம் மாதிரி. அந்நாளில் றேடியோ அறிவிப்பாளர்கள் றெக்கோர்ட்டுகளைச் செல்லமாக அப்படித்தான் அழைத்தார்கள். நாமும் தமிழில் 'இசைத்தட்டு' என்றுதானே சொன்னோம்! இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்திருங்கள். பின்னால் வரும் கதை முழுவதும் இந்தப் பெயரைப் பற்றியதுதான்.

இனி ஆறாவது ஆளுக்கு வருவோம். அவர் மேடையில் ஏறிப் பாடியவர் அல்லர். பக் றாம் என்பது அவர் பெயர். 1907இல் சிக்காகோவில் பிறந்த வெள்ளையர், பாட்டு எழுதுபவர், பெரிய வாத்தியக் குழுக்களுக்கு இசை அமைத்துக் கொடுத்தவர், சட்டமும் படித்தவர். ரோனி வில்லியம்ஸின் சகோதரி லின்டா ஹேய்ஸும் ஒரு பாடகி. அவர் மூலமாகத்தான் ரோனியின் குரல் பக் றாமின் காதுக்கு எட்டியது. அந்தக் குரலை எவ்வளவு தூரம் கொண்டு போகலாம் என்று அவருக்கு உடனேயே விளங்கியிருக்க வேண்டும். குழுவைத் தன் பொறுப்பில் எடுத்து, ஆட்களை மாற்றி, ஒரு பெண் குரலையும் சேர்த்தார். ஆண்கள் மட்டுமே பாடிய குழுக்களின் மத்தியில் இது புதுமை.

பிளாற்றர்ஸ் குழு பெரிய கம்பனிக்குள் நுழைந்த விதம் சுவையானது. பக் றாமிடம் பென்குவின்ஸ் என்று இன்னொரு குழுவும் இருந்தது. 'ஏர்த் ஏஞ்சல்' என்ற பாட்டால் அவர்கள் அப்போது உச்சத்தில் இருந்தார்கள். மேர்க்குரி றெக்கோர்ட் கம்பனி அவர்களைக் கேட்டது. அவர்களைத் தருகிறேன், ஆனால் இவர்களையும் சேர்த்து எடுத்தால்தான் என்றார் பக் றாம். கடைக்காரர் விலைபோகும் சாமானோடு விலைபோகாததையும் கட்டிக் கொடுப்பது போல. கடைசியில் நடந்தது தலைகீழ். கம்பனி ஆசைப்பட்டு எடுத்த பென்குவின்ஸுக்கு அங்கே ஒரு வெற்றிப் பாட்டும் அமையவில்லை. கொசுறாகப் போன பிளாற்றர்ஸ்தான் அந்தக் கம்பனிக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தது.

முதல் வெற்றி 'ஒன்லி யூ'. உன்னால் மட்டுமே முடியும் என்று காதலியைப் பார்த்துச் சொல்லும் எளிமையான பாட்டு. இதை அவர்கள் முன்பு ஃபெடரல் என்ற சிறு கம்பனிக்கு ஒருமுறை பாடிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கம்பனி அதை வெளியிடாமல் தூக்கி வைத்துவிட்டது. 1955 ஏப்ரலில் மேர்க்குரிக்காகத் திரும்பப் பாடினார்கள். பாட்டின் முதற் சொல்லிலேயே ரோனி வில்லியம்ஸின் குரல் விக்கல் எடுத்தாற்போல உடைந்து மேலே தாவும். அந்தத் தாவல் வந்த விதத்தை ஹேர்ப் றீட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எத்தனையோ தரம் பாடிப் பார்த்தும் பாட்டுச் சரிவரவில்லையாம். ஒருநாள் காரில் போகும்போது ஒத்திகை பார்த்தார்கள். கார் ஒரு குலுக்குக் குலுக்க, ரோனியின் குரலும் சேர்ந்து குலுங்கியது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பிறகுதான், இதுதான் வேண்டியது என்று தெரிந்ததாம். எங்கள் சங்கீதத்தில் கமகம் என்று சொல்வதன் தூரத்து உறவு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இந்தப் பாட்டு விற்பனையான விதத்தை விளங்கிக்கொள்ள அந்நாளைய அமெரிக்காவைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பில்போர்ட் என்ற சஞ்சிகை வாராவாரம் பாட்டுக்களின் தரவரிசைப் பட்டியலை வெளியிடும். கறுப்பினத்தவர் பாட்டுக்களுக்கு அதில் தனிப் பட்டியல். 1949 வரை அதற்கு 'இனத்தவர் றெக்கோர்ட்டுகள்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பிறகு 'றிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றினார்கள். பெயர் மாறியதே தவிர வேலி போகவில்லை. கறுப்பினத்தவர் பாட்டு ஒன்று பிரபலமானால் உடனே ஒரு வெள்ளையர் குழுவைக் கொண்டு அதே பாட்டைப் பாட வைத்து வெள்ளையர் றேடியோக்களுக்குக் கொடுத்து விடுவார்கள். பாட்டும் பணமும் கைமாறிவிடும். 'ஒன்லி யூ'வுக்கும் அப்படியே நடந்தது. ஹில்ரொப்பர்ஸ் என்ற வெள்ளையர் குழு அதே ஆண்டில் அதைப் பாடியது. ஆனால் இம்முறை சனங்கள் அசலையே கேட்டார்கள். ஹில்ரொப்பர்ஸ் பொதுப் பட்டியலில் எட்டாம் இடம் வரைதான் போனது. பிளாற்றர்ஸ் அதே பட்டியலில் ஐந்தாம் இடத்துக்கு ஏறியது. கறுப்பினத்தவர் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். தூக்கி வைத்த ஃபெடரல் கம்பனியும் அவசரம் அவசரமாகப் பழைய ஒலிப்பதிவைத் தூசு தட்டி வெளியிட்டது!

அடுத்தது 'த கிறேற் பிறிற்றெண்டர்'. பெரிய பாசாங்குக்காரன் என்று பொருள் கொள்ளலாம். அடுத்த பாட்டு என்ன என்று கம்பனிக்காரர் கேட்டதற்கு, பக் றாம் வாய்க்கு வந்த தலைப்பை முதலில் சொல்லிவிட்டாராம். பிறகு லாஸ் வேகாஸின் ஃபிளமிங்கோ ஹோட்டல் கழிவறையில் இருபது நிமிடத்தில் பாட்டை எழுதி முடித்ததாக அவரே சொல்லித் திரிந்தார். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. அதே லாஸ் வேகாஸில் 1960 வரை கறுப்பினக் கலைஞர்கள் பெரும்பாலான ஹோட்டல்களில் மேடையில் பாடலாம், அறை எடுத்துத் தங்க முடியாது என்பது மட்டும் நம்பத்தான் வேண்டிய உண்மை.

இந்தப் பாட்டின் பொருளை எம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. உள்ளே தனிமை, வெளியே சிரிப்பு. எல்லாம் நலமாக இருப்பது போல நடித்து நடித்து, நடிப்பே பழக்கமாகிவிட்ட ஒருவன் பாடுகிறான். ஊருக்குக் கடிதம் எழுதும்போது 'நாம் இங்கு நலம், உங்கள் நலமறிய ஆவல்' என்று தொடங்கி, பனிக்குள் இரண்டு வேலை செய்வதையும் சாமத்தில் நித்திரை வராததையும் எழுதாமலே முடித்தவர்கள் எமக்குள் எத்தனை பேர்! இப்போது கடிதம் போய் தொலைபேசி வந்துவிட்டது. பாசாங்கு போகவில்லை. 1956இன் தொடக்கத்தில் இப்பாட்டு பொதுப் பட்டியலிலும் கறுப்பினத்தவர் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. றொக் அண்ட் றோல் காலத்தில் பொதுப் பட்டியலின் உச்சிக்கு ஏறிய முதற் கறுப்பினக் குழு என்று இவர்களையே குறிப்பிடுவார்கள். வேலி உடைந்தது என்று சொல்ல முடியாது. ஒரு பொட்டு விழுந்தது என்று சொல்லலாம்.

அதே 1956இல் 'றொக் அறவுண்ட் த குளொக்' என்ற திரைப்படத்தில் இரண்டு பாட்டுக்களையும் பாடி நடித்தார்கள். படம் கடல் கடந்து ஓடியது, அதோடு இவர்களும் உலகம் சுற்றினார்கள்.

இனி இவர்கள் புதுப்பித்துப் பாடிய பழைய பாட்டுக்கள். எமக்குப் பிடித்த பகுதி இதுதான். புதுப் பாட்டுக்குப் பின்னால் ஓடாமல், பெற்றோர் காலத்துப் பாட்டை எடுத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரிப் பாடிக் கொடுத்தார்கள். ஆகவே ஒரே வீட்டில் தாயும் மகளும் ஒரே றெக்கோர்ட்டை விரும்பினார்கள். 'மை பிறேயர்' 1956 கோடையில் முதலிடம் பெற்றது. இது முதலில் வார்த்தையே இல்லாத வயலின் இசை. ஜோர்ஜ் பூலான்ஜே என்ற ருமேனிய வயலின் கலைஞர் 1926இல் ஆக்கியது. 'இறப்பதற்கு முன்' என்பது அதன் பிரெஞ்சுத் தலைப்பு. 1939இல் ஜிம்மி கெனடி என்ற அயர்லாந்துக்காரர் அதற்கு வரிகள் எழுத, இங் ஸ்பொற்ஸ் என்ற மூத்த கறுப்பினக் குழு பாடியது. பிளாற்றர்ஸுக்கு இங் ஸ்பொற்ஸ் குழுவினர் குருஸ்தானம் என்றே சொல்லலாம். 1958 வசந்தத்தில் 'ருவைலைற் ரைம்'. அந்தி மயங்கும் நேரத்தைப் பற்றியது, 1944இல் த்ரீ சன்ஸ் என்ற குழுவின் வாத்திய இசையாக அறிமுகமானது, வரிகள் பக் றாமுடையவை. அதுவும் முதலிடம்.

நான்காவது முதலிடம்தான் எல்லாவற்றிலும் மேலானது. 'ஸ்மோக் கெற்ஸ் இன் யுவர் ஐஸ்'. கண்ணில் புகை படுகிறது என்பது தலைப்பு. ஜெறோம் கேர்ன் இசை, ஒற்றோ ஹாபக் வரிகள். 1933இல் நியூயோர்க் மேடையேறிய 'றொபேற்றா' என்ற இசை நாடகத்துக்காக எழுதியது. அந்த நாடகத்தில் இதைப் பாடும் பாத்திரம் யார் தெரியுமா? புரட்சியால் நாட்டை விட்டு ஓடி வந்து, பாரிஸில் ஓர் உடுப்புக் கடையில் வேலை செய்யும் ருஷ்ய இளவரசி. அந்த வேடத்தில் நடித்துப் பாடிய தமாறா டிறாசின் தானும் உக்ரேனில் பிறந்து, சிறு பெண்ணாக அமெரிக்காவுக்கு வந்தவர்.

பாட்டின் கதை இதுதான். காதலில் இருப்பவனுக்குக் கண் தெரியாது என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். அவன் சிரிக்கிறான். பிறகு காதலி போய்விடுகிறாள். இப்போது நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவன் கண்ணில் நீர். ஏன் என்று கேட்டால் புகை பட்டது என்கிறான். விறகு அடுப்படியில் நின்று, அழுத முகத்தோடு திரும்பி, 'ஒன்றுமில்லைப் பிள்ளை, புகை' என்று சொன்ன தாய்மாரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்காவில் எழுதிய பாட்டில் எங்கள் குசினியைக் கண்டால் ஆச்சரியம்தானே? பிளாற்றர்ஸின் பதிவு 1959 ஜனவரியில் அமெரிக்காவிலும் மார்ச்சில் பிரித்தானியாவிலும் முதலிடம் பிடித்தது. கடைசி வரியில் ரோனி வில்லியம்ஸ் குரலை மேலே மேலே கொண்டுபோய் நிறுத்தும் இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். பின்னால் சோலா ரெயிலரின் கனத்த பெண் குரலும் ஹேர்ப் றீட்டின் அடிக்குரலும் பாய் விரித்தாற்போல இருக்கும்.

இன்னொரு பாட்டையும் சொல்லாமல் விட மனமில்லை. 1960இல் எட்டாம் இடம் வரை போன 'ஹாபர் லைற்ஸ்', துறைமுக விளக்குகள். கப்பல் கரையை விட்டுப் போகிறது, விளக்குகள் மட்டும் தெரிகின்றன. 1937இல் இதற்கு இசை தந்தவர் பெயர் ஹியூ வில்லியம்ஸ் என்று தட்டில் போட்டிருக்கும். அது புனைபெயர். உண்மையில் அவர் வில்ஹெல்ம் குறோஸ், வியன்னா நகரத்து யூதர், முறையாகப் படித்த இசைமேதை. நாசிகள் தலையெடுத்ததும் 1934இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார். வந்த இடத்தில் அவருடைய பெரிய இசைக்கு வேலை கிடைக்கவில்லை. ஆங்கிலப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு, முன்பு சொன்ன ஜிம்மி கெனடியோடு சேர்ந்து சனங்களுக்கான பாட்டுக்களை எழுதிப் பிழைத்தார். பிறகு அமெரிக்கா போய் 1939இல், நாற்பத்தைந்து வயதில், நியூயோர்க்கில் காலமானார். படித்த படிப்புக்கும் செய்யும் வேலைக்கும் சம்பந்தம் இல்லாமல் போன எம்மவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை இரவில் கேட்டுப் பாருங்கள்.

சரி, சரிவுக்கு வருவோம். 1959 ஆகஸ்டில், சின்சினாற்றி நகரில், குழுவின் ஆண்கள் நால்வரும் ஒழுக்கக்கேடு என்று கூறிக் கைது செய்யப்பட்டார்கள். உடனிருந்த பெண்களில் மூவர் வெள்ளையர் என்பதுதான் பத்திரிகைகளுக்குப் பெரிய செய்தி. டிசம்பரில் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. ஆனால் அதற்குள் பல றேடியோ நிலையங்கள் இவர்களின் பாட்டை நிறுத்திவிட்டன, நிகழ்ச்சிகள் ரத்தாகின. 1960இல் ரோனி வில்லியம்ஸ் தனியே பாடப் போனார். அவருடைய இடத்துக்கு சொனி ரேணர் என்ற இளைஞர் வந்தார். திறமைசாலிதான். 1967இல் 'வித் திஸ் றிங்' என்ற பாட்டு இவருடைய குரலில் பதினான்காம் இடம் வரை ஏறியது. ஆனாலும் பழைய மயக்கம் திரும்ப வரவில்லை. அறுபதுகளின் நடுவில் சோலாவும் றொபியும் லிஞ்சும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஹேர்ப் றீட் மட்டும் 1969 வரை நின்றார்.

போனவர்கள் பிழைப்புக்கு என்ன செய்வது? தெரிந்த தொழில் பாட்டு. 'பிளாற்றர்ஸ்' என்று விளம்பரம் போட்டால் சனம் வரும். போட்டார்கள். உடனே வழக்கு வந்தது. அந்தப் பெயர் உங்களுடையது அல்ல என்றது ஒரு கம்பனி.

விடயம் இதுதான். 1956இல், புகழின் உச்சியில், 'ஃபைவ் பிளாற்றர்ஸ்' என்று ஒரு கம்பனியைப் பதிவு செய்தார்கள். ஐவரும் பெயரின் உரிமையைக் கம்பனிக்கு எழுதிக் கொடுத்தார்கள். பதிலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பங்கு கிடைத்தது. காலப்போக்கில் கட்டுப்பாடு பக் றாமின் பக்கம் போய்ச் சேர்ந்தது. கையெழுத்துப் போட்ட நேரத்தில் அவர்கள் இருபதுகளில் இருந்த பிள்ளைகள், சோலாவுக்கு இருபது கூட ஆகவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அடுத்த ஊருக்கு பஸ் காத்திருந்தது. கடதாசியை யார் வாசித்தார்கள்? தெரியாத பாஷையில் வாடகை ஒப்பந்தமும் வேலை ஒப்பந்தமும் நீட்டப்படும்போது, சிரித்த முகத்தை நம்பிக் கையெழுத்து வைக்கும் நிலை எமக்கும் புதிதல்ல. அவர்களுக்கோ தாய்மொழியில் இருந்த கடதாசி.

போல் றொபி விடவில்லை. 1974இல் கலிபோர்னியா நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கம்பனி பெயரின் உரிமையைப் பக் றாம் கைப்பற்றுவதற்கான வெறும் போர்வை என்றும், பங்குகள் வழங்கப்பட்டது சட்டப்படி செல்லாது என்றும் கூறியது. அத்தோடு முடிந்ததா? இல்லை. வேறு வேறு மாநிலங்களில் வேறு வேறு வழக்குகள், ஒன்றுக்கொன்று முரணான தீர்ப்புகள். 1988இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் திரும்பவும் றொபிக்குச் சாதகமாக நின்றது. 1989 பெப்ரவரியில் அவர் காலமானார். 1990இல் றொக் அண்ட் றோல் புகழ் மண்டபத்தில் இந்தக் குழுவைச் சேர்த்துக் கௌரவித்தபோது லிஞ்சும் றொபியும் உயிரோடு இல்லை. 1991இல் பக் றாமும், 1992இல் ரோனி வில்லியம்ஸும், 2007இல் சோலாவும் காலமானார்கள்.

இதற்கிடையில் ஐவரில் ஒருவரையும் கண்டிராத குழுக்கள் எல்லாம் பிளாற்றர்ஸ் என்ற பெயரில் ஹோட்டல்களிலும் உல்லாசக் கப்பல்களிலும் பாடிக்கொண்டிருந்தன. ஒரே இரவில் இரண்டு மூன்று ஊர்களில் 'பிளாற்றர்ஸ்' மேடையேறும். இங் ஸ்பொற்ஸுக்கும் இதே கதிதான் நேர்ந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். இந்த ஏமாற்றைத் தடுக்க 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பல மாநிலங்கள் 'இசையில் உண்மை' என்ற சட்டத்தைக் கொண்டுவந்தன. அசல் குழுவில் பாடிய ஒருவராவது இருக்க வேண்டும், அல்லது பெயரின் சட்டப்படியான உரிமை இருக்க வேண்டும், அல்லது இது நினைவு நிகழ்ச்சி என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம்.

ஹேர்ப் றீட்டின் கதை இன்னும் நீளம். அவரும் 1987இல் ஓர் இணக்கப் பத்திரத்தில் கையொப்பமிட்டு, தான் வைத்த பெயரைத் தானே தனியாகப் பயன்படுத்த முடியாத நிலைக்கு வந்தார். தன் பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டுதான் பாடலாம். எண்பது வயதிலும் ஊர் ஊராகப் போய்ப் பாடினார், வழக்கும் பேசினார். 2011இல் நெவாடாவில் உள்ள நீதிமன்றம், இந்தப் பெயரில் மற்றவரை விட மேலான உரிமை ஹேர்ப் றீட்டுக்கே என்று தீர்ப்பளித்தது. பெயர் வைத்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு! அடுத்த ஆண்டு, 2012 ஜூன் மாதம், எண்பத்து மூன்று வயதில், பொஸ்ரன் நகரை அடுத்த பகுதியில் அவர் காலமானார். அதன் பின்னும் 2013இல் அவருடைய நிறுவனத்தின் இன்னொரு வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பொன்றை வழங்கியது. பெயரைப் பிறர் பயன்படுத்துவதை உடனே தடுக்க வேண்டுமானால், ஈடுசெய்ய முடியாத நட்டம் வரும் என்று சாட்சியோடு காட்ட வேண்டும் என்றது அது. வர்த்தகப் பெயர்ச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்று அந்தத் தீர்ப்பைப் பாடமாகப் படிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளில் சட்டம் படிப்பவர்கள் பிளாற்றர்ஸின் பாட்டைக் கேட்காமலே அவர்களின் பெயரை அறிந்திருக்கலாம்.

பாட்டுக்கள் மட்டும் வழக்குக்குக் காத்திருக்கவில்லை. 1973இல் 'அமெரிக்கன் கிறஃபிற்றி' என்ற படத்தில் இவர்களின் பாட்டுக்கள் ஒலித்து ஒரு புதிய தலைமுறையைப் பிடித்தன. 1974இல் பீற்றில்ஸின் றிங்கோ ஸ்ரார் 'ஒன்லி யூ'வைப் பாடினார். 1987இல் 'த கிறேற் பிறிற்றெண்டர்' பிரித்தானியாவில் நான்காம் இடத்துக்குத் திரும்ப வந்தது. பாடியவர் குயீன் குழுவின் ஃபிரெடி மேர்க்குரி. அவருடைய இயற்பெயர் ஃபறூக் புல்சாரா. சன்சிபாரில் பிறந்த பார்சிக் குடும்பத்துப் பிள்ளை, இந்தியாவில் பஞ்ச்கனியில் படித்தவர். 1964இல் சன்சிபாரில் புரட்சி வெடித்தபோது குடும்பத்தோடு தப்பி இங்கிலாந்துக்கு வந்தவர். பாசாங்குக்காரன் பாட்டை அவர் தேர்ந்தெடுத்ததில் எமக்கு ஆச்சரியம் இல்லை.

கடைசியாக ஒரு விடயம், வாங்குவோர் கவனத்துக்கு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பழைய பாட்டுத் தொகுப்புகளில் பிளாற்றர்ஸ் என்று பெயர் போட்டிருக்கும், பாட்டுக்களும் இவையாகவே இருக்கும், ஆனால் குரல் வேறாக இருக்கும். அறுபதுகளின் பிற்பகுதியில் சொனி ரேணரைக் கொண்டு மியூசிக்கோர் என்ற கம்பனிக்குத் திரும்பப் பாடியவையும் உண்டு, ஐவரோடு சம்பந்தமே இல்லாதவர்கள் பாடியவையும் உண்டு. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மேர்க்குரி என்றும், 1955க்கும் 1960க்கும் இடைப்பட்ட ஆண்டு என்றும் இருந்தால் எடுக்கலாம். சந்தேகமாக இருந்தால் 'ஒன்லி யூ'வின் முதற் சொல்லைப் போட்டுக் கேளுங்கள். கார் குலுங்கினால் அதுதான் அசல்.